ஸ்லெட்டன் வீட்டு மாடுகள்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்காவது போனால் காப்பி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, போட்டாச்சு, ஊற்றினால் போதும் என்பார்கள். அப்போதுதான், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போடலாம். அந்த அரைக் கோப்பை நாலு கோப்பையாகி, கூடவே தட்டு நிறைய இனிப்புத் துண்டுகள் வருவது வேறு விஷயம். முதல் தடவையிலேயே சரி என்கிறவனைப் பார்த்தால் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும். காப்பிக்கு மட்டும் இல்லை, டிராக்டர் சேற்றில் புதைந்தாலும், வீடு பற்றி எரிந்தாலும் இதே முறைதான். மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில், இந்தக் குளிரில், இத்தனை நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் சண்டையில்லாமல் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்ததே இப்படித்தான்.

ஆர்டிஸ் லோக்கன் இதில் கைதேர்ந்தவள். ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போது அதில் எவ்வளவு ‘வேண்டும்’ ஒளிந்திருக்கிறது என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவளுடைய ஹாட்டிஷ் தட்டம்தான் முதலில் போய்ச் சேரும். கீழே கொத்திய மாட்டிறைச்சியும் பீன்ஸும், மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு, சூடு ஆறாமல் சுற்றிலும் துண்டு. இதனால் வந்த ஒரே உபத்திரவம், படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நாத்தனார் லவான் இன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாள், பாஸ்டரம்மா முகம் ஏன் வாடியிருந்தது என்று கணவன் ஹார்லனை எழுப்பிக் கேட்பாள். ஹார்லன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் சர்ச்சின் மாதர் சங்கத்துக்கு மினியாபொலிஸ் நகரத்திலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார்கள். சந்தோஷமாக வாழ்வது எப்படி, பிறருக்கு உதவுவது எப்படி என்று பேசுகிறவளாம். கழுத்தில் பட்டுச் சால்வை, காலில் எங்கள் சேற்றுக்குச் சற்றும் உதவாத செருப்பு.

"நீங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அதுதான் உங்க வியாதி," என்று ஆரம்பித்தாள். "ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தான். அவங்க வார்த்தைக்கு மரியாதை குடுங்க. உள்ள என்ன இருக்குன்னு தோண்டிக்கிட்டே இருக்கிறது உதவி இல்ல, அது உங்க அகம்பாவம். வேணும்னா அவங்களே வாயத் திறந்து கேக்கட்டும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

பெண்கள் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்து காப்பி வேண்டுமா என்று கேட்டதும், அவள் முதல் தடவையே "குடுங்களேன்" என்று கை நீட்டியதில் எல்லோரும் கொஞ்சம் ஆடித்தான் போனார்கள்.

ஆனால் தூக்கம் என்ற சொல் ஆர்டிஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லவான் விருந்துக்கு வந்து, "எனக்கு ஆப்பிள் பை வேண்டாம்ப்பா, உடம்பு ஏறுது," என்றாள். ஆர்டிஸ் சரியென்று தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். லவான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆர்டிஸுக்கு ஒரு பக்கம் நடுக்கம், ஒரு பக்கம் சிரிப்பு. அன்றிரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படியே தூங்கினாள். கன்னம்கூட உப்பியது. "அந்த மினியாபொலிஸ்காரிக்கு ஒரு முழு ஹாம் இறைச்சி வாங்கி அனுப்பணும்," என்று ஹார்லன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஜனவரியில் கடுங்குளிர் இறங்கியது. கதவுப் பிடியை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற குளிர். ஒரு காலை பக்கத்துப் பண்ணை வெர்லின் ஸ்லெட்டன் சமையலறைக் கதவைத் தட்டினார். பக்கம் என்றால் நடுவில் ஒரு முழு வயல் கிடக்கிறது. லோக்கன் தம்பதியும் ஸ்லெட்டன் தம்பதியும் ஒரே ஓரறைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அறுபது தாண்டியும் நீ வா போ என்கிற பேச்சு மாறவில்லை. ஆர்டிஸ் அப்போது ஓர் இழவு வீட்டுக்காகப் பெரிய தட்டம் நிறைய இனிப்புத் துண்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இரவல் வாங்கின ரென்ச்சைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் வெர்லின். தொப்பியின் காதுமடல் இரண்டிலும் உறைபனி.

"இந்தக் குளிர்ல ரென்ச் குடுக்க வந்தியா? உள்ள வா, காப்பி இருக்கு."

"வேண்டாம் வேண்டாம், பூட்ஸ் பூரா சாணி."

"சாணி பாக்காத வீடா இது? வந்து உக்காரு."

"இருக்கட்டும், போணும்." ஆனால் போகவில்லை. "சைலோ உறைஞ்சு கெடக்கு. தீவனம் சுவரோட கல்லா ஒட்டிக்கிச்சு. மேல ஏறி வெட்டித்தான் கீழ தள்ளணும்."

சைலோ என்றால் வீட்டைப்போல் நாலு மடங்கு உயரத் தீவனக் கோபுரம். பக்கவாட்டுக் கூண்டுக்குள் இரும்பு ஏணி. அந்த மாதத்தில் படிக்குப் படி பனிக்கட்டி பூசியிருக்கும். கீழே ஓர் ஆள் நிற்காமல் எவனும் அதில் ஏறுவதில்லை. வெர்லினின் மனைவி மார்லிஸ் விடிகாலைக் கறவை முடித்ததும் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் இருவரும் அரிசோனாப் பக்கம் வெயில் காய்கிறார்கள்.

"ஹார்லனைக் கூப்பிடவா? பட்டறையிலதான் இருக்கான்," என்றாள் ஆர்டிஸ்.

"சேச்சே. அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"என்ன வேலை, ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். வரச் சொல்லட்டுமா?"

"இல்ல இல்ல, நான் பாத்துக்கிறேன். வெட்டுறதுதானே."

பிறகு வெர்லின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொன்னார். இந்த வருஷம் பனி தாமதம் என்றார். "சரி, அப்போ," என்று கதவில் கை வைத்தார். கொஞ்ச நேரம் நின்று, "சரி, அப்போ," என்று மறுபடியும் சொன்னார். மூன்றாவது கேள்வி ஆர்டிஸின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பட்டுச் சால்வை நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து கேட்கட்டுமே, அறுபது வயதாகிறது, சின்னக் குழந்தையா? இழவு வீட்டுக்கு வேறு நேரமாகிறது.

"சரி வெர்லின், உன் இஷ்டம். பாத்துப் போ," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அவளுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. பிற்பாடு மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பெருமிதத்தைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது.

பிற்பகல் மார்லிஸ் வேலை முடிந்து வந்தபோது மாடுகள் தீவனம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. கூண்டின் அடியில் வெர்லின் கிடந்தார். இடுப்பும் தொடையும் முறிந்திருந்தன. உறைந்துபோன இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மேலே கொட்டியிருந்த, உள்ளே புளித்துச் சூடேறிய தீவனத்தின் கதகதப்புதான் உயிரைப் பிடித்து வைத்தது என்றார் டாக்டர்.

தகவல் கேட்டு ஓடிப்போய் வண்டியில் ஏற்றிவிட்டு வந்த ஹார்லன், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார்.

"கிறுக்குப் பய. தனியா ஏறியிருக்கான். ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கறதுக்கென்ன?"

ஆர்டிஸ் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "காலைல வந்தான். ரென்ச் குடுக்க."

"இங்கயா?"

"சைலோ உறைஞ்சிருக்குன்னு சொன்னான். உன்னைக் கூப்பிடவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டான்."

ஹார்லன் அவளைப் பார்த்தார். "எத்தனை தடவை கேட்ட?"

"ரெண்டு."

ஹார்லன் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்லெட்டன் வீட்டு மாடுகளைக் கறக்கக் கிளம்பிப் போனார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது ஆர்டிஸுக்கு. நாற்பது வருஷத்தில் அவர் கத்தியதில்லை, அன்றைக்கா கத்தப்போகிறார்?

அதற்கப்புறம் தூக்கம் எங்கே. கண்ணை மூடினால் வெர்லின் கதவில் கை வைத்துக்கொண்டு சரி, அப்போ என்கிறார்.

ஆஸ்பத்திரியில் பார்க்க அனுமதித்த முதல் நாளே பிடிவாதமாகப் போனாள். வெர்லின் இடுப்புக்குக் கீழே கட்டும் கம்பியுமாகக் கிடந்தார். தாதி வெளியே போகும்வரை பொறுத்திருந்து ஆரம்பித்தாள்.

"வெர்லின், அன்னைக்கு நீ ஹார்லனைத் தேடித்தானே வந்த?"

"இல்லியே. ரென்ச் குடுக்க வந்தேன்."

"பொய் சொல்லாதே. நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேக்கணும்னு தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆர்டிஸ். எனக்குத்தான் கால் வழுக்கிருச்சு. ஆளு கீழ நின்னா மட்டும் தாங்கிப் பிடிச்சிருப்பானா?"

"அஞ்சு மணி நேரம் குளிர்ல கெடந்திருக்க மாட்ட."

"அப்படி ஒண்ணும் குளிரல," என்றார் வெர்லின், விரல் போன கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு. "வெளிய இப்ப எப்படி, காத்து விட்டுச்சா?"

மன்னிப்பதற்கு முதலில் தப்பு நடந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் அதைச் செய்ய மாட்டார்கள், விரலே போனாலும். ஆர்டிஸ் கேட்ட ஒன்றை அவரால் கொடுக்க முடியவில்லை. வெர்லின் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் காது கிழிஞ்ச செவலை தின்னுதா? புது ஆளுன்னா உதைப்பா. முதுகுல கை வச்சுப் பேசிக்கிட்டே போகச் சொல்லு," என்றார். குரல் லேசாக உடைந்தது. ஆர்டிஸ் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வெர்லின் எழுந்து வரும்வரை ஒரு மாடு குறையக் கூடாது.

மார்லிஸின் சமையலறைக்கு நேராகப் போனாள். மார்லிஸ் அடுப்பங்கரையில் நின்றபடியே ரொட்டித் துண்டு தின்றுகொண்டிருந்தாள்.

"மாடுகளைப் பத்திக் கவலைப்படாதே. ஹார்லன், நான், அடுத்த பண்ணை ஓடேகார்ட் அண்ணன் தம்பிங்க, எல்லாரும் முறை வச்சுக் கறந்துடறோம்," என்றாள் ஆர்டிஸ்.

"வேண்டாம் ஆர்டிஸ். மாட்டு வியாபாரிகிட்ட பேசிட்டேன். வியாழக்கிழமை வண்டி அனுப்பறேன்னான்."

"வண்டியாவது ஒண்ணாவது. நாங்க இருக்கிறப்போ விக்க விட்டுருவோமா?"

"உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்தச் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல."

"இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். வேண்டாம்."

"வெர்லின் என்ன சொல்றான்?"

"உன் இஷ்டம்னான்."

உன் இஷ்டம்! அவள் வெர்லினிடம் சொல்லி அனுப்பிய அதே வார்த்தை. இனி யார் வேண்டாம் என்றாலும் அதை அப்படியே விழுங்குவதில்லை என்று மறுபடி கேட்டாள், அதற்கும் மறுபடி கேட்டாள். மூன்று தாண்டி நாலு, ஐந்து என்று போனது. எங்கள் ஊர் முறையில் மூன்றுக்கு மேல் எவரும் தாக்குப்பிடித்ததில்லை. மார்லிஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"சரி," என்றாள். "நீங்கள்லாம் ரொம்ப நல்லவங்க."

ஊர் திரண்டது. அதைச் சொல்ல வேண்டும், எங்கள் ஊருக்கு அதில் குறை வைக்க முடியாது. விடிகாலையில் இரண்டு பிக்கப் வண்டி, மாலையில் மூன்று. ஓடேகார்ட் சகோதரர்கள் சைலோவை வெட்டிக் கொடுத்தார்கள். ஹார்லன் சாணி தள்ளினார். ஆர்டிஸ் ஒருநாள்கூடத் தவறவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு மடியாகத் துடைத்து, பால் திரிந்திருக்கிறதா என்று முதல் பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்து, மெஷினின் நாலு குழலையும் மாட்டி, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். விலா சூடாக இருக்கும். காலில் விறைப்பு ஏறிக்கொண்டிருக்கும். விரல் கணுக்கள் வெடித்து, காம்புக்குப் பூசும் களிம்பையே தானும் பூசிக்கொண்டாள். செவலை அவளை இரண்டு தடவை உதைத்தது. இரண்டாவது உதையில் முழங்கால் வீங்கியது. அவளுக்கு அது வேண்டித்தான் இருந்தது, இன்னும் ஒன்று விடு என்று மாட்டிடம் சொன்னாள்.

ஊர் அவளைக் கொண்டாடியது. ஆர்டிஸைப் போல உண்டா என்று பாஸ்டரே சொன்னார். ஒவ்வொரு பாராட்டும் முள்ளாய்க் குத்தியது. காரணம் ஹார்லனுக்கு மட்டும் தெரியும், ஹார்லன் பாராட்டவில்லை.

மார்லிஸ் இளைத்துக்கொண்டே போனாள். உதவிக்கு வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? அவர்கள் வருமுன்னே எழுந்து காப்பிக்கு வைத்து, இலவங்கப்பட்டை தூவிய ரொட்டிச் சுருள் சுட்டு, தொழுவ வாசலில் பனி தள்ளி நிற்பாள். பிறகு பள்ளிக்கூடம், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு மாலை ஆட்களுக்கு சூப். கண்ணுக்குக் கீழே மை அப்பினாற்போல் கறுத்திருந்தது. ஆர்டிஸ் அதைப் பார்த்தாள், வெர்லினை நினைத்துக் கவலை என்று எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மாலை. மற்றவர்கள் போய்விட்டார்கள். இருவரும் தொழுவத்தில் குழல்களை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல சேதி ஒண்ணு," என்றாள் ஆர்டிஸ். "விதைப்பு வரைக்கும் ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் லீவு விட்டா ஓடேகார்ட் பேரப்பசங்க வந்துருவாங்க. கோடை பூராவும் கவலை இல்ல."

மார்லிஸ் குழாயை மூடினாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஆர்டிஸுக்கு முதலில் புரியவில்லை.

"கோடை பூராவுமா!" என்றாள் மார்லிஸ். "ஏன் ஆர்டிஸ், நான் என்ன பாவம் பண்ணினேன் உனக்கு?"

"என்ன மார்லிஸ் இது?"

"வேண்டாம்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்? நெஜமாத்தான் சொல்றேன்னு வேற சொன்னேன். இந்த ஊர்ல ஒருத்தி அதுக்கு மேல எப்படிச் சொல்றது, கூரை மேல ஏறிக் கத்தணுமா?"

"நீ பதவிசுக்குச் சொல்றன்னு..."

"பதவிசு! கல்யாணம் ஆன மறுநாள் காலைல நாலு மணிக்கு எழுந்தவ நான். அதுலேருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் விடிஞ்சு எழுந்திருச்சதில்ல. பிள்ளை பெத்த மூணாம் நாள் கறந்தேன். எங்கம்மாவைப் புதைச்ச அன்னிக்கு, அந்தக் கறுப்புக் கவுன் மேல கோட்டைப் போட்டுக்கிட்டுக் கறந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து, உயிருக்குப் பயமில்ல, ஆனா இனிமே மாட்டு வேலை முடியாதுன்னாரு. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, மாடு போயிரும்னு தோணுச்சு. ஆண்டவருக்கு நன்றி சொல்றதுக்கு முன்னாடி அது தோணுச்சு. அவர் அங்க கால் உடைஞ்சு கெடக்கறாரு, எனக்கு சந்தோஷம் வருது. நான் மனுஷியா?"

ஆர்டிஸின் மனதிலிருந்தது வெளியே வந்துவிட்டது, இது சொல்ல வேண்டிய சமயமா என்று யோசிக்கக்கூட இல்லை.

"மார்லிஸ், அன்னைக்கு அவன் எங்க வீட்டுக்கு வந்தான். ஹார்லனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தான். நான் ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன்."

மார்லிஸ் ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"அதானா," என்றாள். "நானும் என்னடா, இவ இப்படி மாடாக் கெடந்து உழைக்கிறாளேன்னு பாத்தேன். அப்ப இத்தனை நாளா நீ எனக்காகக் கறக்கல. உனக்காகக் கறந்திருக்க."

"உங்க ரெண்டு பேருக்கும்..."

"எனக்கு இல்ல. உன் மனசு ஆறணும்னு என்னை இன்னும் ரெண்டு மாசம் நாலு மணிக்கு எழுப்பிவிட்ட."

எங்கள் பக்கத்தில் இப்படி யாரும் யாரையும் பேசுவதில்லை. ஆர்டிஸுக்கு அழுகை வரவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை என்று மட்டும் தெரிந்தது.

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"எல்லாரையும் வர வேண்டாம்னு சொல்லு. நான் சொல்ல முடியாது. ஊரே வந்து கறந்து குடுத்த மாட்டை வித்தவன்னு சாகிற வரைக்கும் பேசுவாங்க. நீ சொல்லு."

"வெர்லின்?"

"உன் இஷ்டம்னு சொன்னாரு. இப்பவும் அதையேதான் சொல்றாரு."

"அது நெஜமா அவன் மனசுல இருக்கறதா?"

"தெரியாது ஆர்டிஸ்," என்றாள் மார்லிஸ். வாளியிலிருந்து எழுந்து விளக்கை அணைத்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியல. உனக்கு எங்க தெரியப்போகுது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் காப்பி ஊற்றும்போது ஆர்டிஸ் எழுந்து நின்றாள். மார்லிஸ்மேல் பழி விழாமல் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"ஸ்லெட்டன் வீட்டுக் கறவையை இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்," என்றாள். "என்னால முடியல. முழங்கால் வலி. இதை ஆரம்பிச்சவ நான்தான். நான் இல்லாம இது நடக்காது, மத்தவங்களும் போக வேண்டாம். மார்லிஸ்கிட்ட சொல்லிட்டேன், அவ மாட்டை வித்துர்றேன்னுட்டா."

ஓடேகார்ட் மூத்தவர், "நாங்க செய்வோமே ஆர்டிஸ், முழங்கால் எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"வேண்டாம்."

"நாங்க பாத்துக்கறோம், நீ இரு."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

கீழ்த்தளம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பாஸ்டரம்மா அவள் கையைத் தொட்டு, "ரொம்பக் களைச்சுப் போயிட்ட, பாவம்," என்றாள். எங்கள் ஊரில் ஒருத்தியைக் கைகழுவும்போது சொல்வது அதுதான். லவான் இனிப்புத் தட்டை அவள் பக்கம் நீட்டாமலே அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள். ஹார்லன் எழுந்து வந்தார், அவள் கோட்டைப் பிடித்துக் கை நுழைக்க உதவினார். வண்டியில் வீடு வரைக்கும் அவளுடைய வீங்கிய முழங்காலின் மேல் கையை வைத்தபடியே ஓட்டினார்.

வண்டி வந்து மாடுகளை ஏற்றிப் போனது. செவலை ஏற மறுத்துப் பலகையில் கால் ஊன்றி நின்றதாம். மார்லிஸ்தான் முதுகில் கை வைத்துப் பேசிக்கொண்டே ஏற்றினாளாம். ஆர்டிஸ் போகவில்லை, ஹார்லன் போய்விட்டு வந்து சொன்னார்.

பனி உருகும் சமயத்தில் வெர்லினை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலை ஆர்டிஸ் ஒரு பாத்திரத்தில் சூப்பை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. மார்லிஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்று பாதி வழியில் நின்றாள், பிறகு நடந்தாள். கதவைத் தட்டக் கை ஓங்கும்போது உள்ளிருந்து வெர்லின் ஜன்னல் வழியாகப் பதறிப்போய் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

மெல்லத் திறந்துகொண்டு உள்ளே போனாள். வெர்லின் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி பத்தாகிறது, வெயில் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மார்லிஸ் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினாள், பெரிய பண்ணை நாயைப் போலக் கட்டில் முழுக்கக் கை காலைப் பரப்பிக்கொண்டு.

"எழுப்பிராதே," என்று கிசுகிசுத்தார் வெர்லின். "தினமும் இப்படித்தான். சில நாளு பதினொண்ணு ஆகுது."

"ஆகட்டும்," என்றாள் ஆர்டிஸ், அதே கிசுகிசுப்பில்.

"இவ தூங்கி நான் பாத்ததே இல்ல தெரியுமா? நான் எந்திரிக்கிறப்போ இவ முன்னாடியே தொழுவத்துல இருப்பா. குறட்டை விடுவாங்கிறதே எனக்கு இப்பதான் தெரியும்." சிரித்தார். "காப்பி இருக்கு, ஊத்திக்கோ. கோப்பை இடிக்காம எடு."

அவள் காலுறையோடு ஓசைப்படாமல் நடந்துபோய் இரண்டு கோப்பை ஊற்றினாள். திரும்பி வந்தபோது வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஜன்னலுக்கு நேரே தொழுவம். அதன் பெரிய கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, வெயில் அந்தப் பக்கம் வரைக்கும் ஊடுருவித் தெரிந்தது. வெர்லின் அழுதுகொண்டிருந்தார். மூன்று விரல் கையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார், உள்ளே சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று. கண்ணீர் விரல் இடுக்கால் வழிந்து சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்த மனுஷனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இரண்டு தடவை விட்டுவிட்டோம், சைலோவுக்கு ஒரு தடவை, மாடுகளுக்கு ஒரு தடவை என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது. கோப்பைகளை மேஜைமேல் வைத்தாள். ஒரு நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. படுக்கையறையில் குறட்டை ஒருமுறை தடுக்கி நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது மறுபடி தொடங்கிய பிறகுதான் வெர்லின் கையை வாயிலிருந்து எடுத்தார்.